கொட்டியாரக் குடாவில் கொட் மீனா? மைன்கிராஃப்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்குகள் தெரியுமா?

மைன்கிராஃப்டில் தூண்டில் போட்டிருப்பீர்கள். வெறும் தூண்டிலை நூறு தடவை போட்டால் சராசரியாக 85 தடவை மீன், 10 தடவை குப்பை, 5 தடவை புதையல் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடுவது தெரியுமா? அந்த மீன்களுக்குள்ளும் இன்னொரு கணக்கு: 60 விழுக்காடு கொட், 25 சல்மன், 13 பேத்தை, மிஞ்சிய 2 வெப்பக்கடல் வண்ணமீன். திருகோணமலைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! வட அத்திலாந்திக் குளிரில் திரிகிற கொட் மீனை நம்முடைய கடலில் யார் கண்டது? அறக்குளா எங்கே? பாரை எங்கே? சூடை எங்கே?

ஆச்சரியம் இனித்தான் இருக்கிறது. இந்தக் கணக்கு எந்த இரும்புப் பெட்டிக்குள்ளும் பூட்டி வைக்கப்படவில்லை. 2016இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து அது ‘லூட் டேபிள்’ என்ற சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம், 60ஐ அழித்து 5 என்று எழுதலாம். 2018 ஜூலையில் 1.13 பதிப்பு வந்ததும் இப்படித் திருத்திய கோப்புகளை ‘டேட்டா பேக்’ என்ற பொதியாகக் கட்டி எந்த உலகத்துக்குள்ளும் போடும் வசதி கிடைத்தது. சுவீடன்காரர் மார்கஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் வெளியிட்ட விளையாட்டை 2014இல் மைக்ரோசொஃப்ட் 250 கோடி டொலருக்கு வாங்கியது. 2023இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அவ்வளவு பெரிய சொத்தின் அதிர்ஷ்டக் கணக்கை மூதூரில் இருக்கும் ஒரு பெடியன் தன் உலகத்துக்கு மட்டும் மாற்றி எழுதலாம்! (நான் சொல்வதெல்லாம் கொம்பியூட்டரில் ஓடும் ஜாவா பதிப்புக்கு. கைபேசிப் பதிப்பின் முறை வேறு.)

சரி, மீனின் தோற்றம்? அது 16க்கு 16 என்ற கட்டம். மொத்தம் 256 புள்ளிகள், அவ்வளவுதான். ஒரு பிஎன்ஜி படம். பெயிண்ட் மென்பொருளில் திறந்து வெள்ளிச் சாம்பல் பூசி, விலாவில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இழுத்தால் கொட் மீன் அறக்குளா ஆகிவிடும். படத்தை ‘ரிசோர்ஸ் பேக்’ பொதியில் உரிய அடைவில் வைத்து, விளையாட்டுக்குள் எஃப்3 விசையோடு டி (T) விசையை அழுத்துங்கள். வெளியேறாமலே புது வண்ணம் வந்துவிடும். மீனுக்குப் பதிலாக ஊதாவும் கறுப்புமாகச் சதுரங்கப் பலகை ஒன்று தெரிகிறதா? பயப்படாதீர்கள். படத்தைத் திறந்தேன், படிக்க முடியவில்லை என்று விளையாட்டு சொல்கிறது. கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றால் பழைய கொட்டே தெரியும்.

இந்த இரண்டு பொதிகளும் ஒன்றையொன்று அறியாது என்பது தெரியுமா? தோற்றம் உங்கள் கொம்பியூட்டரில் இருக்கிறது, விழும் பொருள் உலகத்தில் இருக்கிறது. ஒரே சேர்வரில் இரண்டு கூட்டாளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தூண்டில் போட, ஒருவர் அறக்குளாவைத் தூக்க, மற்றவர் அதே மீனைக் கொட்டாகவே பார்த்துக்கொண்டு நிற்கலாம்! எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விசித்திரம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். டேட்டா பேக்கால் புத்தம் புதிய பொருளை உண்டாக்க முடியாது. இருக்கிற பொருளுக்குப் புதுப் பெயரும் புது உடுப்பும் கொடுக்கலாம். 2024இல் வந்த பதிப்புகளில் பசி ஆற்றும் அளவையும் மாற்றலாம். ஆனால் அந்த அறக்குளாவை அடுப்பில் வைத்துப் பாருங்கள்: வெளியே வருவது பொரித்த கொட்! சமையல் குறிப்பு உள்ளே இருக்கும் ஆளைத்தான் பார்க்கிறது, உடுப்பைப் பார்ப்பதில்லை.

மழை பெய்தால் மட்டும் கிடைக்கும் மீன் வேண்டுமா? லூட் டேபிளில் வானிலை நிபந்தனை உண்டு. குறித்த நேரத்தில் மட்டும்? அதற்கும் நிபந்தனை உண்டு. குறித்த இடத்தில் மட்டும்? அதுவும் உண்டு. வாடைக்காலத்தில் வள்ளங்கள் கரையேறிக் கிடப்பதுபோல, மழைநேரத்தில் மீனைக் குறைத்துக் குப்பையைக் கூட்டும் ஒரு கடலை நீங்கள் எழுதலாம். மூதூருக்குத் தெற்கே, வெருகல் பிரிவின் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் களப்புக்கு ஒரு பட்டியல், வெளிக்கடலுக்கு வேறொரு பட்டியல் என்றும் வைக்கலாம். 1.16 பதிப்பு முதல் புதையல் கிடைக்க மிதவையைச் சுற்றி 5க்கு 4க்கு 5 என்ற அளவில் திறந்த நீர் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சிறு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, தூங்கிக்கொண்டே புதையல் அள்ளியவர்களின் பிழைப்பில் விழுந்த மண் அது.

பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் உலாவுவதைப் பார்த்திருப்பீர்கள். மைன்கிராஃப்டில் மானே இல்லை! மாட்டுக்குப் புள்ளித் தோல் வரையலாம். ஆனால் அது ‘ம்மா’ என்று கத்தும், வெட்டினால் மாட்டிறைச்சி விழும். சத்தத்தை ரிசோர்ஸ் பேக்கில் மாற்றிவிடலாம். இறைச்சிக்கு? மாட்டின் லூட் டேபிளை வெறுமையாக்கிவிடுங்கள். வெட்டியவருக்கு இறைச்சியும் இல்லை, தோலும் இல்லை. அனுபவப் புள்ளி உருண்டைகள் மட்டும் விழும், அவை இந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

புல்மோட்டைக் கரையில் கறுத்த மணல். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் எல்லாம் அதற்குள். விளையாட்டு மணலைத் தோண்டினால் மணல் மட்டும்தான். 2019இல் 1.14 பதிப்பு வந்ததிலிருந்து கட்டிகளுக்கும் லூட் டேபிள் உண்டு என்பதால், மணலோடு 5 விழுக்காட்டு வாய்ப்பில் ஓர் இரும்புத் துணுக்கும் விழட்டும் என்று எழுதலாம். இல்மனைட் இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த தாது, ஆகவே பொய்யும் இல்லை. ஆனால் 5 விழுக்காடு என்றால் இருபதாவது தடவை கட்டாயம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இருபது தடவை தோண்டியும் ஒன்றுமே கிடைக்காமல் போக ஏறத்தாழ 36 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது!

இந்தக் கணக்கு ஓர் உலகப் பிரபலத்தையே மாட்டிவைத்தது தெரியுமா? 2020இல் ட்ரீம் என்ற யூடியூபர் வேகப்போட்டியில் ஓடினார். பிக்லின்களிடம் பொன் கொடுத்துப் பண்டம் மாற்றும்போது எண்டர் முத்து கிடைக்கும் வாய்ப்பு அப்போது 4.73 விழுக்காடு. அவருக்கு 262 மாற்றில் 42 தடவை கிடைத்தது. நியாயப்படி பன்னிரண்டு அளவில் வரவேண்டும்! பிளேஸ்களைக் கொன்றதில் 305க்கு 211 தடி. அங்கே வாய்ப்பு சரிபாதிதான். போட்டி நடுவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இப்படி அதிர்ஷ்டம் அடிக்க வாய்ப்பு 7.5 இலட்சம் கோடியில் ஒன்று என்றார்கள். முதலில் அடியோடு மறுத்த ட்ரீம், 2021இல் தனது விளையாட்டில் வாய்ப்புகளை மாற்றும் ஒரு மொட் இருந்ததை ஒப்புக்கொண்டார், தெரியாமல் நடந்தது என்ற விளக்கத்தோடு. உங்கள் உலகத்தில் நீங்கள் எதையும் மாற்றலாம். மாற்றியதை வைத்துப் போட்டிக்குப் போனால் எண்களே கோள் சொல்லிவிடும்.

1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் முக்குளித்து, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கடலடியில் கண்ட கதை நமக்குத் தெரியும். 2023இல் வந்த 1.20 பதிப்பிலும் வெப்பக் கடல்களின் அடியில் இடிபாடுகளுக்குள் சந்தேக மணல் கிடக்கிறது! தூரிகையால் மெல்லத் துடைத்தால் பானை ஓடு வரும், அருமையாக ஸ்னிஃபர் முட்டை வரும். எது வரவேண்டும் என்பதும் ஒரு லூட் டேபிள்தான். தூண் துண்டு, விளக்கு, மணி என்று அங்கே எழுதி வைத்தால் தடுப்பவர் யார்?

ஒரு பொறி இருக்கிறது. 1.13இல் ‘ஐட்டம்ஸ்’ என்றிருந்த பட அடைவு ‘ஐட்டம்’ ஆனது. 2024 ஜூனில் 1.21 வந்தபோது ‘லூட் டேபிள்ஸ்’ அடைவும் ஒருமைக்கு மாறியது. பழைய வழிகாட்டியைப் பார்த்து அடைவு போட்டால் பொதி ஏற்றப்படும், ஆனால் ஒன்றும் நடக்காது, விளையாட்டு வாயே திறக்காது! விளையாட்டை வாங்கப் பணம் இல்லாதவர்கள் லுவாண்டியைப் பார்க்கலாம். பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அங்கே புதுப் பொருளையே உண்டாக்கலாம், இருபதில் ஒன்று விழட்டும் என்று 20ஐ எழுதினால் போதும்.

கடைசியாக இது தெரியுமா? மைன்கிராஃப்ட் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, பக்கத்தில் இந்தியா என்று போட்டிருக்கும். ரிசோர்ஸ் பேக்கின் விவரக் கோப்பில் மொழிக் குறியீடு, பெயர், நாடு மூன்றையும் எழுதினால் இலங்கைத் தமிழும் அந்தப் பட்டியலில் ஏறிவிடும்! நீங்கள் எழுதாமல் விட்ட வரிகள் ஆங்கிலத்தில் தெரியும். ஆகவே மீன்களில் தொடங்கி மிச்சத்தை ஆறுதலாக நிரப்பலாம்.