மெல்லிசை மேடையில் குறவர் வேடம்: சிக்கல் எங்கே?

தியாகராய நகரில் வாணி மஹாலோ சர் பிட்டி தியாகராயர் அரங்கமோ, எம்.ஜி.ஆர். பாட்டுக் கச்சேரி என்றால் ‘ஒளி விளக்கு’ படத்திலிருந்து ஒரு பாட்டுக்குத் துண்டுச்சீட்டு வரும். 1968இல் வந்த அந்தப் படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் ஜோடியாக ஆடும் பாட்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, டி.எம்.எஸ்., எல்.ஆர்.ஈஸ்வரி குரல். உட்கார்ந்திருப்பவர்களையும் தாளம் போடவைக்கும் மெட்டு. கூடவே ஒட்டிக்கொண்டு வருபவை பாசிமணி, தலைப்பாகை, வாய்க்கு வாய் ‘சாமியோ’. பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் அது பழகிப்போன வேடம்.

இன்று இதை யோசித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. கோயில் திருவிழாக்களில் நடந்துவந்த ‘குறவன் குறத்தி ஆட்டம்’ எங்கள் பெண்களைக் கொச்சைப்படுத்துகிறது, இப்படியோர் ஆட்டமே எங்களிடம் கிடையாது என்று குறவர் தரப்பு நீதிமன்றம் போனது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது. மார்ச்சில் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. அந்தத் தடை திருவிழா ஆட்டத்துக்கானது. சினிமாப் பாட்டை எப்படிப் பாடுவது என்பது பாடுபவர் பொறுப்பு.

சினிமா செய்த பெரிய குழப்பம், இரண்டு சமூகங்களை ஒன்றாக்கியது. குறவர் தமிழ் பேசும் மக்கள். குறிஞ்சி நிலத்து வள்ளியின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்களில் பல பிரிவினரை ஆங்கிலேயர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அடைத்தது. சென்னை மாகாணத்தில் அது ஒழிய 1947 ஆனது. நரிக்குறவர் பேசுவது வாக்ரிபோலி, குஜராத்தி, மராத்தி வகையைச் சேர்ந்த மொழி. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மேடையில் இருவருக்கும் ஒரே பாசிமணி, ஒரே பேச்சு. அந்தப் பேச்சு இருவருடையதும் அல்ல, கோடம்பாக்கத்தில் தயாரானது.

தடை விழுந்தது ஊர்த் திருவிழாவில் ஆடிப் பிழைக்கும் கலைஞர்கள்மேல். சபாவில் பட்டு உடுத்திவரும் குறத்தியை யாரும் கேட்கவில்லை. ருக்மிணி தேவி 1944இல் ‘குற்றாலக் குறவஞ்சி’யை நாட்டிய நாடகமாக்கியதிலிருந்து அவளுக்கு நல்ல மரியாதை. குறவஞ்சியின் குறத்தி தன் மலையின் வளத்தைப் பெருமையோடு பேசுபவள், அதனால் அவளும் திருவிழா ஆட்டத்துக் குறத்தியும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனாலும் அந்த வேடத்தைக் குறவர் அல்லாதவரே போடுகிறார்கள் என்பது இரண்டு மேடைக்கும் பொது.

அதற்காகப் பாட்டையே கைவிட வேண்டுமா? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 1853இல் வெளியான மாநிலப் பாட்டில் கறுப்பினத்தவரை இழிவாகக் குறித்த சொல்லை 1986இல் மாற்றினார்கள். பாட்டு நிலைத்து நிற்கிறது. ‘ஒளி விளக்கு’ பாட்டுக்கு அந்த அளவு கூட வேண்டாம் என்பேன். வரிகளை விட அந்தப் பேச்சின் இழுப்பும் வேடமும்தான் புண்படுத்துகின்றன. டி.எம்.எஸ். பாட்டைச் சொந்தக் குரலில் பாடினால் மெட்டுக்கு ஒன்றும் ஆகாது. தொகுப்பாளர் ‘அடுத்து ஒரு குறவன் குறத்தி பாட்டு’ என்று கண்ணடிக்காமல், படத்தின் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் சொல்லிவிட்டு மைக்கைக் கொடுக்கலாம்.