நார்மல் குளிர்னா என்னங்க?

"பர்மிங்ஹாம்ல டிசம்பர் குளிர் 5 டிகிரிதான்னு போட்டிருக்கே, ஊட்டிக்கு வாங்கின ஸ்வெட்டர் போதும்ல?" இங்க புதுசா படிக்க வர்ற பசங்க தவறாம கேக்கிற கேள்வி இது.

அந்த 5 டிகிரி பொய்யில்லை மக்களே. ஆனா அது 30 வருஷத்துப் பகல், ராத்திரி எல்லாத்தையும் கூட்டி வகுத்த சராசரி.

மத்திய இங்கிலாந்துக்கு 1659-லேர்ந்து மாசாமாசம் வெப்பநிலைக் கணக்கு இருக்கு. கருவி வச்சு அளந்ததுல உலகத்துலயே நீளமான கணக்கு இதுதான். அதுல ரெண்டு டிசம்பரை மட்டும் பாருங்க.

2010: மாதச் சராசரி சுமார் மைனஸ் 0.7. அட்லாண்டிக்லேர்ந்து வழக்கமா வீசுற மேற்குக் காத்து தடைபட்டு, ஆர்க்டிக் காத்து கீழ இறங்கிடுச்சு. 1890-க்கு அப்புறம் இப்படி ஒரு டிசம்பர் வந்ததில்லை. ஹீத்ரோ விமான நிலையமே பனியில முடங்கிப்போச்சு.

2015: சுமார் 9.7. இந்தக் கணக்குலயே கதகதப்பான டிசம்பர். தென்மேற்குக் காத்து விடாம வீசுச்சு. சும்மா வரலை, வடக்கே கம்ப்ரியாவுல 24 மணி நேரத்துல 341 மி.மீ. மழையையும் வெள்ளத்தையும் கூட்டிட்டு வந்துச்சு.

இப்ப ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க.. 4.5! கிட்டத்தட்ட 'நார்மல்'. ஆனா ரெண்டு வருஷத்துலயும் அந்த நார்மல் குளிரை யாரும் அனுபவிக்கவே இல்லை.

அதனால சராசரியைப் பாத்துப் பெட்டி கட்டாதீங்க. மைனஸைத் தாங்குற கோட்டு ஒண்ணு, மழை இறங்காத ஷூ ஒண்ணு. வாடகையில ஹீட்டிங் சேர்த்தியான்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. பில்லு வர்றது சராசரிக்கு இல்ல, அந்த வருஷக் குளிருக்கு!