நாய் இழுத்த பால் வண்டி

1900-ஆம் ஆண்டையொட்டி பெல்ஜியம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், ஊருக்கு அனுப்பப் படத் தபால் அட்டைகளை வாங்கினார்கள். அவற்றில் அடிக்கடி இடம் பெற்ற காட்சி இது: சிறு வண்டி, அதில் பளபளக்கும் பித்தளைப் பால் பாத்திரங்கள், பக்கத்தில் பால்காரி, முன்னே வாரில் பூட்டிய நாய்!

வெளிநாட்டாருக்கு அது வேடிக்கை. பால்காரிக்கோ பிழைப்பு. குதிரை வாங்கித் தீனி போட வசதியற்ற ஏழைக்கு நாயே குதிரை. பாலும் காய்கறியும் ரொட்டியும் அதன் உழைப்பில்தான் வீதி வீதியாகப் போயின. உடல் பருத்த, வலுவான நாய்கள் இதற்கென்றே வளர்க்கப்பட்டன.

பிரிட்டனில் இது கொடுமை என்ற குரல் முன்னரே எழுந்திருந்தது. லண்டனில் 1839-ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு முழுவதும் 1854-ஆம் ஆண்டுச் சட்டமும் நாய் வண்டிகளுக்குத் தடை போட்டன. பெல்ஜியத்தில் நாய்களுக்கு ஓய்வு கிட்டவில்லை. 1914-இல் போர் மூண்டபோது, ராணுவத்தின் இயந்திரத் துப்பாக்கிகளையும் அவையே இழுத்தன.

பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. நாயின் சுமை இறங்கியது. ஆனால் வேலை போனதும் அந்த வண்டி நாய்களும் அருகிப் போயின.

மிஞ்சியவை இந்த அட்டைகள்தாம். அவற்றில் 'பால்காரி' என்றே தலைப்பு அச்சாகியிருக்கும். வண்டியை இழுத்ததோ நாய்!