சர்க்கரையும் கைப்பிடி அரிசியும்

குழந்தைகளுக்கான கிறிஸ்தவ நன்கொடை வெளிநாட்டுப் பணத்தை நம்பியே இருக்க முடியுமா? விடை சமையலறையில் இருக்கிறது.

கல்கத்தாவில் சர்க்கரைத் தட்டுப்பாடு. அன்னை தெரசாவிடமும் சர்க்கரை இல்லை என்ற செய்தி எப்படியோ நான்கு வயது இந்துச் சிறுவன் ஒருவனின் காதில் விழுந்தது. மூன்று நாட்களுக்குத் தனக்குச் சர்க்கரை வேண்டாம், அதை அன்னையின் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னான். மூன்று நாள் கழித்துப் பெற்றோர் அவனை அழைத்து வந்தார்கள். 1979இல் ஆஸ்லோவில் நோபல் பரிசு பெற்றவர்களுக்கான உரையில் அன்னை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கொடையாளிகளில் இவனும் ஒருவன்.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருப்பது விவிலியக் கணக்கு. ஜெருசலேம் ஆலயத்தில் பணக்காரர்கள் காணிக்கைப் பெட்டியில் தாராளமாகப் போட்டார்கள். ஏழை விதவை ஒருத்தி போட்டது இரண்டு சிறு காசுகள். அவள்தான் எல்லோரையும் விட அதிகம் போட்டாள் என்றார் இயேசு. மற்றவர்கள் கொடுத்தது மிஞ்சியதிலிருந்து. அவள் கொடுத்ததோ பிழைப்புக்கென்று இருந்ததை. எவ்வளவு கொடுத்தார் என்பதல்ல, கொடுத்த பிறகு என்ன மிஞ்சியது என்பதே இங்கு அளவுகோல்.

ஆனால் குழந்தைகள் இல்லத்துக்கு மாதந்தோறும் அரிசி, பால், பள்ளிச் செலவு இருக்கிறது. மனம் வந்தபோது வரும் காணிக்கையை நம்பி அதை நடத்துவது கடினம். இதற்குக் கிறிஸ்தவ அமைப்புகள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்றுதான் 'ஒரு கொடையாளி, ஒரு குழந்தை' திட்டம். கொரியப் போரின் அநாதைகளைக் கண்டு மனம் நொந்த அமெரிக்கப் போதகர் எவரெட் ஸ்வான்சன் 1952இல் தொடங்கிய பணி, பின்னாளில் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. கொடையாளிக்குக் குழந்தையின் புகைப்படம் வரும், கடிதம் வரும். முகம் தெரிந்த குழந்தைக்கு மாதாமாதம் கொடுக்க யாருக்கும் மனம் வரும்.

சங்கடமும் அங்கேதான். வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்கிறது மத்தேயு நற்செய்தி. இங்கோ பெறுகிற குழந்தையின் முகமே விளம்பரமாகிறது. நன்றிக் கடிதம் எழுதுவது அதன் கடமையாகிறது.

இன்னொரு சங்கடம், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. வெளிநாட்டுப் பணம் மதமாற்றத்துக்குப் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், முன் அனுமதியின்றி கம்பேஷன் இந்தியாவுக்குப் பணம் அனுப்பக்கூடாது என்று 2016இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அமைப்பு குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் 2017 மார்ச்சில் அதன் இந்தியப் பணி முடிவுக்கு வந்தது. அதன் பட்டியலில் அப்போது இருந்த இந்தியக் குழந்தைகள் சுமார் 1.45 லட்சம். அமெரிக்கக் கொடையாளியின் மாதச் சந்தா அப்போது 38 டாலராக இருந்தது. கொடுக்க மனமிருந்தும் கொடுக்க முடியவில்லை.

2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் மேலும் இறுகியது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. பெரிய அமைப்புகளிடமிருந்து பெற்று நடந்த சிறிய இல்லங்களுக்கு இது பலத்த அடி. 2021 கிறிஸ்துமஸ் நாளன்று அன்னை தெரசாவின் சபைக்கே பதிவுப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டது; 2022 ஜனவரியில் மீண்டும் கிடைத்தது.

கடல் கடந்த பணம் இல்லாமல் கொடை நடக்காதா? மிசோரம் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு பதிலை வைத்திருக்கிறது. அங்கே 1894இல்தான் முதல் மிஷனரிகள் குடியேறினார்கள். 1910 வாக்கில், கையில் காசு புழங்காத பெண்கள் திருச்சபைக்குக் கொடுக்க ஒரு வழி கண்டார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பது. மிசோ மொழியில் இதற்குப் பெயர் 'பூஃபாய் தாம்'. பெண்கள் வீடு வீடாகச் சென்று அதைச் சேகரிக்கிறார்கள். அரிசி விற்றுக் காசாகிறது. காஞ்சிப் பெரியவரின் பிடி அரிசித் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்த அரிசி குழந்தைகளுக்கென்று திரட்டப்படுவதல்ல. முக்கியமாகத் திருச்சபையின் ஊழியத்துக்குச் செல்வது. ஆனால் குழந்தைகள் இல்லம் நடத்துபவர்களுக்கு இதில் பாடம் உண்டு. யாருடைய வறுமையும் இங்கே படம் பிடிக்கப்படுவதில்லை. ஏழை வீடும் பணக்கார வீடும் அதே கைப்பிடியைத்தான் எடுக்கின்றன. வாங்குகிற கூட்டமாகவே இருந்துவிடாமல், கொடுக்கிற சமூகமாகத் தங்களை எண்ணிக்கொள்ள மிசோக்களுக்கு அது கற்றுக்கொடுத்தது.

நல்ல மனம் கணக்குக்கு மாற்றாகாது என்பதும் உண்மை. நிதி மோசடியில் சிக்கிய அமெரிக்கர் சார்லஸ் கீட்டிங் கொடுத்த 12.5 லட்சம் டாலரை அன்னை பெற்றது பற்றி கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் 1995இல் தன் நூலில் கேள்வி எழுப்பினார். குழந்தைகளின் பெயரால் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை, அதைத் திரட்டும் எவருக்கும் உண்டு.

ஆனால் கொடுப்பவரின் கணக்கு வேறு. மிசோ சமையலறையில் கைப்பிடி அரிசி எடுக்கப்படுவது சாப்பாடு முடிந்து மிஞ்சியதிலிருந்து அல்ல. உலையில் அரிசி விழுவதற்கு முன்பே.