துணை போனபின் வளவு: எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் வீடும் வளவும் ஒன்றைவிட்டு ஒன்றில்லை. ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி என்று எந்த ஊரை எடுத்தாலும் மணல் நிலத்தில் தென்னை, மா, பலா, முருங்கை. நிழல் விழாத இடத்தில் கத்தரி, கொச்சி, பயற்றை. நடுவே ஒரு கிணறு. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், வளவு இன்னும் விரிந்து கிடக்கும். இரண்டு பேர் பார்த்த இந்த வேலை, ஒருவர் கண்மூடிய மறுநாளே மற்றவரின் தலையில் வந்து விழுகிறது. 2010இல் அப்போதைய பிரதியமைச்சர் ஒருவர் வெளியிட்ட கணக்கின்படி வடக்கிலும் கிழக்கிலும் போரில் கணவனை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர். அவர்களில் கிழக்கில் மட்டும் 49,000 பேர். நோயிலும் விபத்திலும் சுனாமியிலும் துணையை இழந்தவர்கள் இதற்கு வெளியே.

இவர்களில் பலர் வளவை உழைப்பால் காப்பாற்றிவிடுகிறார்கள், கடதாசியில் இழந்துவிடுகிறார்கள். துக்க மாதங்களில் நடக்கும் இரண்டு தவறுகளே இதற்குக் காரணம். சட்டம் நாள் குறித்திருக்கும் காரியத்தை "எல்லாம் முடியட்டும்" என்று தள்ளிவைக்கிறோம். தள்ளிவைக்க வேண்டிய கையெழுத்தையோ உறவுக்காரரின் சொல்லுக்காக உடனே போட்டுக் கொடுக்கிறோம். இந்த இரண்டையும் தலைகீழாக்கினால் பாதிப் பிரச்சினை வராது.

முதலில் தெரிய வேண்டியது: இது எந்தக் காணி?

அலுமாரியைத் திறந்து காணிப் பத்திரத்தை எடுங்கள். அது நொத்தாரிசு எழுதிய உறுதியா, அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரமா (நம் வழக்கில் பேமிட்), அளிப்புப் பத்திரமா என்று பாருங்கள். யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உரிமை எவ்வளவு, யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளைக்குள் என்பதெல்லாம் இந்த இரண்டு விடைகளில்தான் தங்கியிருக்கின்றன.

கிழக்கில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் தமிழர், முஸ்லிம்கள் இரு சமூகத்திலும் வேரூன்றிய வழக்கம். வளவு உங்கள் பெயரில் சீதன உறுதியாக இருந்தால் அது உங்கள் தனிச்சொத்து. கணவர் இறந்ததால் அதில் ஒரு பேர்ச்சஸ்கூடக் குறையாது. அவருடைய சகோதரர்களுக்கு அதில் பேச்சே இல்லை.

உறுதி கணவர் பெயரில் இருந்து, அவர் மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால், தமிழ்க் குடும்பங்களுக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி அவருடைய சொத்தில் பாதி மனைவிக்கு. மறுபாதி ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்த மறுபாதி கணவரின் பெற்றோர், சகோதரர் பக்கம் போகும். இருவர் பெயரிலும் சரிபாதியாக வாங்கிய காணி என்றால் உங்கள் பாதி உங்களுடையதே. அவருடைய பாதியிலும் பாதி உங்களுக்கு. ஆக முக்கால் பங்கு. அவர் மரணசாசனம் எழுதியிருந்தால் கணக்கு மாறும். அதைச் சட்டத்தரணியிடம் காட்டியே பேச வேண்டும்.

"தேசவழமைப்படி உனக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரியது. மட்டக்களப்பில் ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் இருந்தது; சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துப் போகும் அந்த முறை இன்று நீதிமன்றத்தில் செல்லாது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் வழியாக ஷரீஆப் பங்கு பொருந்தும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. மனைவியை இழந்த கணவருக்குப் பிள்ளைகள் இருந்தால் நான்கில் ஒன்று, இல்லாவிட்டால் பாதி.

மனைவியின் சீதன வளவில் வாழ்ந்து அவரை இழந்த தமிழ் ஆண்களுக்கும் மேலே சொன்ன 1876ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியம். "இது அம்மாவின் வளவு" என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்ப ஊர் வழக்கம் இடம் கொடுக்கலாம், சட்டம் கொடுக்காது. மனைவி மரணசாசனம் எழுதாவிட்டால் அவருடைய சொத்தில் பாதி கணவருக்கு.

பேமிட் காணி: ஆறு மாதக் கெடு

படுவான்கரையிலும் குடியேற்றப் பகுதிகளிலும் பெரும்பாலான வளவுகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. இங்கே பாதிப் பங்குக் கணக்கு இல்லை. பேமிட்காரர் இறந்தால், அவர் பெயர் குறித்திருந்தாலும் குறிக்காவிட்டாலும், துணைவருக்குக் காணியில் தொடர உரிமை உண்டு. ஆனால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் காணி அவர் வசம் இருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளின் ஊருக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வருபவர் இந்த இடத்தில்தான் இடறுகிறார். கணவரை இழந்த முஸ்லிம் பெண்கள் இருக்கும் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அதைத் தாய்வீட்டில் கழிப்பவருக்கு மிஞ்சுவது இரண்டு மாதம்கூட இல்லை. போகத்தான் வேண்டும் என்றால் வீட்டில் ஆளை இருத்துங்கள், தேங்காய் பறியுங்கள், மரணச் சான்றிதழின் பிரதியோடு பிரதேச செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வையுங்கள்.

கணவர் உங்களைப் பின்னுரித்தாளராகப் பதிந்திருந்தால் முழு உரிமையோடு பெறுவீர்கள். பதியாவிட்டால் காணியை அனுபவிக்கலாம். விற்கவோ அடுத்தவரை நியமிக்கவோ முடியாது. மறுமணம் செய்தால் காணி அடுத்த உரித்தாளருக்குப் போகலாம் என்பதால், அந்த முடிவுக்கு முன் காணி உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெளிவதே நல்லது. அடுத்த உரித்தாளர் யார் என்ற பட்டியலில் முன்பு மகன்மாருக்குப் பிறகே மகள்மார் வந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முன்னுரிமையை நீக்கியது. பழைய சட்டத்தைச் சொல்லி மகளைத் தள்ளினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கணவர் காணாமற்போயிருந்தால்

மரணச் சான்றிதழ் இல்லாததால் காணியிலும் வங்கியிலும் எதையும் நகர்த்த முடியாமல் நிற்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் உண்டு. மரணத்தை ஏற்க மனம் ஒப்பாதவர்களுக்காக 2016இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை அதன் கீழ் பெறலாம். அதை வைத்துப் பிள்ளைகளின் காரியங்களையும் உதவித் திட்டங்களையும் சொத்துப் பராமரிப்பையும் பார்க்கலாம். "இறந்துவிட்டார்" என்று எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் கிளை உண்டு.

பொறுத்துப் போட வேண்டிய கையெழுத்துகள்

நம் ஊரில் வளவு கைமாறும் முதல் வழி பிள்ளைப் பாசம். மகளுக்குச் சீதனம் எழுதும்போது வீடு, வளவு எல்லாவற்றையும் நிபந்தனையின்றி எழுதிக்கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு குசினிக்குள் ஒதுங்கும் தாய்மார் பலர். எழுதுங்கள், ஆனால் உங்கள் சீவிய உரித்தை வைத்து எழுதுங்கள். அந்த ஒரு வாசகம் உறுதியில் இருந்தால் உயிருள்ளவரை அந்த வளவில் இருக்கவும் அதன் விளைச்சலை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மகளும் மருமகனும் அதை மாற்ற முடியாது. கொடுத்த நன்கொடையைப் பெரும் நன்றியீனத்துக்காக இரத்துச் செய்ய 2017இல் தனிச் சட்டம் வந்திருந்தாலும் அது நீதிமன்றப் படியேறும் வழி. உறுதியில் ஒரு வரி சேர்ப்பது அதைவிட எளிது.

இரண்டாவது, அற்றோர்ணித் தத்துவம். "ஓடித்திரிய உங்களால் ஏலாது, எனக்கு எழுதித் தாங்க" என்று கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் எந்தக் காரியத்துக்கு, எந்தக் காணிக்கு, எத்தனை மாதத்துக்கு என்று வரையறுத்தே கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டாம். வாசித்துக் காட்டாத எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வேண்டாம்.

மூன்றாவது, குத்தகை. தனியாளால் முழு வளவையும் பார்க்க முடியாதபோது தென்னையையோ ஒரு பகுதி நிலத்தையோ குத்தகைக்கு விடுவது நல்ல வழிதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்ட நிலத்தில் பத்து ஆண்டு இருந்தவர், இது என் ஆட்சி என்று காலாவதி உரிமை கேட்டு வழக்குப் போட்ட கதைகள் ஏராளம். அனுமதியோடு இருந்தவருக்கு அந்த உரிமை எளிதில் வராது; ஆனால் அனுமதி கொடுத்ததை நிரூபிக்க எழுத்து வேண்டும். பேமிட் காணியென்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் குத்தகைக்கோ ஈட்டுக்கோ கொடுக்கக் கூடாது.

நான்காவது, கடன். கணவர் பட்ட கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்துத்தான் பொறுப்பு. நீங்கள் பிணை நிற்கவில்லை என்றால் உங்கள் சீதனக் காணியை யாரும் தொட முடியாது. துக்கவீட்டுக்கே வந்து "உங்கள் பெயரில் மாற்றி எழுதுவோம்" என்று படிவம் நீட்டுபவரிடம் கணக்குக் கூற்றைக் கேளுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். வாரத் தவணை நுண்கடன் கிழக்குப் பெண்களை எவ்வளவு நெருக்கியது என்பதற்கு, வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததே சாட்சி.

ஐந்தாவது, மரம். ஆள் இல்லாத வளவென்று மணம் பிடித்து மரவியாபாரிகள் வருவார்கள். பலா, ஈரப்பலா போன்றவற்றை வெட்டப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வெட்டினால் வியாபாரி போய்விடுவார், பதில் சொல்வது காணிக்காரர்.

வேலியை நகர்த்தினால்: இரண்டு மாதக் கெடு

ஆண் துணை இல்லை என்று தெரிந்ததும் எல்லை வேலி உள்ளே நகர்வது நடக்காத காரியமல்ல. "முப்பத்தோராம் நாள் முடியட்டும், இத்தா முடியட்டும்" என்று காத்திருப்பதுதான் ஆபத்து. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், பலவந்தமாக ஆட்சியை இழந்தவர் இரண்டு மாதங்களுக்குள் நீதிமன்றத்தை நாடினால் உரிமை யாருடையது என்ற நீண்ட வழக்கில்லாமலே ஆட்சியைத் திரும்பப் பெறலாம். அந்தக் கெடு தவறினால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். ஆகவே அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு, கிராம சேவகருக்கு அறிவிப்பு, கைத்தொலைபேசியில் படம். வெளியே போக முடியாத காலமென்றால் சட்டத்தரணியை வீட்டுக்கு அழைத்துச் சத்தியக்கடதாசி எழுதலாம். எல்லைக் கல் தெளிவில்லாவிட்டால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து வரைபடம் எடுத்து வையுங்கள்.

பிள்ளையே மிரட்டினால் அதற்கும் சட்டம் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மகனிடமிருந்தும் தாயைப் பாதுகாக்கும். நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தரும். அறுபது வயது கடந்து, பிள்ளைகள் பார்க்காமல் விட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதியோர் பராமரிப்புச் சபையில் செலவு கேட்கலாம்.

தனியாள் வேலையின் ஆபத்துகள்

பெரிய வளவில் தனியே நிற்பவர் விழுந்தால் கூப்பிடு தூரத்தில் ஆளில்லை. கைத்தொலைபேசியை வீட்டில் வைக்காமல் இடுப்பில் வையுங்கள். கட்டில்லாத துரவைச் சுற்றி வேலி அடையுங்கள். ஓலைக் குவியல், விறகுக் குவியல், மட்டை அடுக்கு ஆகியவற்றில் வெறுங்கையை விட வேண்டாம். நாகமும் கண்ணாடி விரியனும் அங்கேதான் ஒதுங்கும். கடித்தால் கட்டு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம், பார்வை பார்க்க நேரம் கடத்த வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸை அழைத்து அரச வைத்தியசாலைக்குப் போங்கள்; விஷமுறிவு மருந்தும் அங்கே இலவசம்.

மாரி தொடங்கினால் சிரட்டை, கோம்பை, டயர் எல்லாவற்றிலும் நீர் தேங்கும். நுளம்பு பெருகாமல் வளவை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குடியிருப்பவரின் கடமை. தவறினால் வழக்கு வரும்.

முழு வளவையும் முன்போல வைத்திருக்க வேண்டும் என்ற நெருக்கடியை நீங்களே உங்கள் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். நாளும் தண்ணீர் கேட்கும் மரக்கறியைக் கிணற்றடியோடு நிறுத்தி, தூரப் பகுதியைத் தென்னைக்கும் மாவுக்கும் முருங்கைக்கும் விடலாம். என்ன நடலாம் என்று பிரதேச விவசாயப் போதனாசிரியரையோ 1920 என்ற விவசாயத் திணைக்கள இலக்கத்தையோ தமிழிலேயே கேட்கலாம்.

யாரிடம் போவது

வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையம் கட்டணமின்றி உதவும். பேமிட் காரியத்துக்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. உறுதி பதியப்பட்டிருக்கிறதா, அதன் மேல் ஈடோ வேறு பதிவோ ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் காணிப் பதிவகம். சின்னச் சின்ன எல்லைச் சச்சரவுக்கு மத்தியஸ்த சபை. மிரட்டலுக்கு 119, பெண்களுக்கான 1938.

கடைசியாக, இன்னும் இருவராக இருப்பவர்களுக்கு. மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பகுதி ஒரு காலைப்பொழுதில் தீரக்கூடியவை. பேமிட் காணியென்றால் இருவரும் பிரதேச செயலகம் போய் துணைவரைப் பின்னுரித்தாளராகப் பதியுங்கள். உறுதிக் காணியென்றால் மரணசாசனம் எழுதுங்கள், அல்லது இருவர் பெயருக்கும் மாற்றுங்கள். பழைய உறுதி பதியாமல் கிடந்தால் பதிவகத்தில் பதியுங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது, கடன் எவ்வளவு, குத்தகைக்காரர் யார் என்று இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். பேசாமல் விட்டதன் விலையை இந்தக் கரையில் தனியே நிற்பவர்கள் ஏற்கனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தவரும் அதைக் கட்ட வேண்டியதில்லை.