புதிய டிரில் வாங்குமுன் பழையதை ஒருமுறை பாருங்கள்

பூஜை அறையில் அலமாரி மாட்டுவதற்காக எடுத்த டிரில் பாதித் துளையிலேயே நின்றுவிட்டால், உடனே கடைக்குப் புறப்படத் தோன்றும். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டுமே பயன்படும் கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிடுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பது நல்லது. பழைய கருவி உண்மையிலேயே பயனற்றுப் போயிற்றா? நம் வீட்டுச் சுவர் எத்தகையது?

ஒயருடன் கூடிய டிரில்களின் மோட்டாரில் கார்பன் பிரஷ் எனப்படும் இரு சிறு கரித்துண்டுகள் உள்ளன. அவை தேய்ந்தால் கருவி விட்டுவிட்டு ஓடும். தீப்பொறி மிகுதியாகத் தெரியும். அவற்றை மாற்றும் செலவு புதிய கருவியின் விலையில் சிறு பகுதியே. கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருப்பதும் உண்டு. கருகிய வாடை வந்து மோட்டாரின் காயில் எரிந்திருந்தால் மட்டும், புதியது வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம்.

அடுத்தது சுவர். செங்கல் சுவருக்கு 500 முதல் 650 வாட் வரையுள்ள இம்பாக்ட் டிரில் போதுமானது. சன்னல் மேலுள்ள லிண்டல், தூண், கூரை ஆகிய கான்கிரீட் பகுதிகளில் அது மெதுவாகவே இறங்கும். அங்கு அடிக்கடி துளையிட வேண்டியிருந்தால் ரோட்டரி ஹேமர் ஏற்றது; ஓரிரு துளைகளே என்றால் அதை வாடகைக்கு எடுப்பது மேல். சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பகுதி கிரானைட்டுக்குப் பெயர் பெற்றது. அத்தகைய கருங்கல்லில் சாதாரண பிட் விரைவில் மழுங்கிவிடும். டைல்ஸ் ஒட்டிய சுவரில், ஓட்டைக் கடக்கும்வரை ஹேமர் விசையை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையெனில் டைல்ஸ் விரிசல் விடும்.

கடையில் 13 மில்லிமீட்டர் சக், வேகக் கட்டுப்பாடு, பக்கக் கைப்பிடி ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த குறி இரட்டை மின்காப்பைக் குறிக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் கருவியை நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும்.

பணம் செலுத்தும்போதும் கவனம் தேவை. தவணைத் திட்டத்தில் வட்டி இல்லை என்று சொல்லப்பட்டாலும், செயலாக்கக் கட்டணத்தையும், இழக்கும் ரொக்கத் தள்ளுபடியையும் கூட்டிப் பாருங்கள். இத்தகைய சிறு தொகைக்கு நேரடியாகச் செலுத்துவதே பெரும்பாலும் இலாபம். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாமல் உத்தரவாத அட்டையிலிருந்தே எடுங்கள். பணம் திரும்பப் பெற யூபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்பவர் மோசடிக்காரர்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கருவி குறையுடையதாக இருந்து விற்பனையாளர் செவிசாய்க்காவிட்டால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, வேற்றூர் நிறுவனத்திடம் இணையவழி வாங்கிய பொருளுக்கும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது.