மிதித்த கிளட்ச் பெடல் மேலெழாதபோது

கையால் கியர் மாற்றும் கார்களில், எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தவும் வேண்டியபோது துண்டிக்கவும் உதவும் அமைப்பே கிளட்ச் ஆகும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் மீது, உராய்வுப் பரப்புடைய கிளட்ச் தட்டைப் பிரஷர் பிளேட் தன் வில்லின் விசையால் அழுத்திப் பிடித்திருக்கிறது. ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது, ரிலீஸ் பேரிங் என்னும் தாங்கி அவ்வில்லின் நடுப்பகுதியைத் தள்ள, பிடி தளர்ந்து தட்டு விடுபடுகிறது. காலை எடுத்ததும் பெடலை மேலே கொண்டுவருவது பெரும்பாலும் இதே வில்லின் விசையே என்பதால், பெடல் பாதியில் நின்றாலோ தரையோடு தங்கிவிட்டாலோ, அவ்விசை திரும்பிவரும் வழியில் தடையோ இழப்போ நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அவ்வழி இருவகைப்படும். முதல் வகையில், உறைக்குள் நகரும் எஃகுக் கேபிள் பெடலின் இழுப்பைக் கியர்பாக்ஸ் வரை கொண்டுசெல்கிறது. கேபிளின் இழைகள் அறுந்து சிலும்பினாலும், உறைக்குள் ஈரம் புகுந்து துருப்பிடித்தாலும், பெடல் நாளுக்கு நாள் கனத்து, மெதுவாகவே திரும்பும். கியர்பாக்ஸ் முனையில் கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்க்கையில் அது அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு கேபிளிலோ பெடலிலோ உள்ளது. தாராளமாக நகர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கம் ஆராய வேண்டும்.

இரண்டாம் வகையில், பெடலருகே உள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்த, அவ்வழுத்தம் குழாய் வழியே சென்று, கியர்பாக்ஸ் அருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரை இயக்குகிறது. இங்கே பெடலின் நடத்தையே கோளாறை ஓரளவு காட்டிக்கொடுக்கும். மிதித்தபடியே வைத்திருக்கையில் பெடல் மெல்ல இறங்கினால் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் கசிகிறது எனலாம். பெடல் மெத்தென்று அமிழ்ந்து, இரண்டு மூன்று முறை மிதித்தபின் எழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டரின் உட்சுவர் அரிக்கப்படும். பிரேக் ஆயிலுக்குப் பதிலாகத் தவறுதலாக எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால், ரப்பர் சீல்கள் உப்பிப் பிஸ்டனை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாயின் உட்புறம் வீங்கிவிட்டால், அழுத்தத்தோடு சென்ற ஆயில் திரும்பிவரத் தாமதமாகும். பெடல் சிக்கியிருக்கும்போது ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்த, ஆயில் பீறிட்டு, ஸ்லேவ் சிலிண்டர் தள்ளும் கிளட்ச் நெம்புகோல் உடனே பின்வாங்கினால், தடை குழாயிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ உள்ளது என்பது தெளிவு.

எனவே சோதனை பெடலிலிருந்து தொடங்கிக் கியர்பாக்ஸை நோக்கிச் செல்ல வேண்டும்: பெடலுக்கடியில் தரைவிரிப்பு நகர்ந்து சிக்கியுள்ளதா, பெடலின் அச்சிலுள்ள புஷ் தேய்ந்துள்ளதா, ஆயில் அளவு குறைந்துள்ளதா, மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் ஈரம் தென்படுகிறதா எனப் பார்த்த பிறகே கேபிளையும் குழாயையும் ஆராய்வது முறை. ரிலீஸ் பேரிங்கையும் பிரஷர் பிளேட்டையும் பார்க்கக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதால், செலவு மிகுந்த அவ்வேலை இச்சோதனைகள் அனைத்தும் முடிந்தபின் இறுதியாகவே வர வேண்டும். பெடல் சிக்கும் காரைச் சாலையில் தொடர்ந்து ஓட்டுவது, வேண்டிய கணத்தில் கியர் மாற்ற முடியாத நிலையை வரவழைக்கும் என்பதால், முதல் அறிகுறியிலேயே காரை நிறுத்திச் சோதிப்பதே பாதுகாப்பானது.